இரண்டு நாள் கால்நடை மயக்கவியல் பயிற்சி, வேலூர்: நாய்க்கு நிறைவு, மாட்டுக்குக் குறை

காட்பாடியை ஒட்டிய ஓர் அரங்கில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கிற கால்நடை மயக்கவியல், வலி நிவாரணப் பயிற்சி இது. கட்டணம் 6,500 ரூபாய். மதியச் சாப்பாடும் கையேடும் அதற்குள் அடக்கம். ஒரு வகுப்புக்கு 30 கால்நடை மருத்துவர்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நாய், பூனைக்கு மருத்துவமனை வைத்திருப்பவர், அதிலும் மயக்க இயந்திரம் வாங்கியவர் அல்லது வாங்கப் போகிறவர், யோசிக்காமல் பணம் கட்டலாம். கே.வி.குப்பம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு என்று வண்டியில் மருந்துப் பையை மாட்டிக்கொண்டு மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகிறவருக்கு முதல் நாள் பிற்பகல் மட்டுமே தேறும். அந்தப் பிற்பகல் ஒன்றுக்காகவே வரலாம் என்பது வேறு. அமைப்பாளரின் பெயரை எழுதவில்லை. பாடத்தில் உள்ள குறைகளைச் சொல்வதுதான் நோக்கம், அவற்றைத் திருத்துவதும் கடினமில்லை.

இப்படி ஒரு வகுப்பு வேலூருக்கு வந்ததே பெரிய விஷயம். நம் நாட்டில் மயக்கவியல் தனித் துறையாக இல்லை. அறுவையியல், கதிரியல் துறைக்குள் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. பட்டப்படிப்பில் படித்ததோடு சரி. அதற்குப் பிறகு கற்பதெல்லாம் மூத்தவர் ஒருவர் சைலசின் என்ற அமைதி மருந்தையும் கீட்டமின் என்ற மயக்க மருந்தையும் ஒரே சிரிஞ்சில் கலந்து போடுவதைப் பார்த்துத்தான். முறையாகக் கற்க சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்றால் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஒரு நாள் மருத்துவமனையை மூடிவிட்டுத்தான் கிளம்ப முடியும்.

முதல் நாள் காலை முழுக்க இயந்திரம். இந்தப் பயிற்சியின் பலம் இங்கே இருக்கிறது. இயந்திரத்தை விற்பவர் பொருத்திக் கொடுத்து இரண்டு குமிழைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். தினமும் காலையில் எதைச் சோதிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. இங்கே ஒவ்வொருவரையும் கையால் செய்ய வைக்கிறார்கள். விட்ட மூச்சைச் சுத்தப்படுத்தித் திரும்பச் சுற்றவிடும் சர்க்கிள் சர்க்யூட்டில், மிகை வாயுவை வெளியேற்றும் பாப்-ஆஃப் வால்வை மூடி, நோயாளி பக்கத்து முனையைக் கட்டைவிரலால் அடைத்து, மானியில் 30 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரும்வரை பையை நிரப்பி, ஆக்சிஜன் ஓட்டத்தை நிறுத்திவிட்டு 10 நொடி பார்க்க வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிவு. பெரும்பாலும் கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா லைம் டப்பாவின் ரப்பர் வளையத்தில் ஒட்டிய துகள், அல்லது பையின் கழுத்தில் விட்ட வெடிப்பு. சோதனை முடிந்ததும் கட்டைவிரலை எடுக்காமல் வால்வைத் திறந்தே அழுத்தத்தை விட வேண்டும் என்பதை அழுத்திச் சொன்னது நல்லது. விரலைப் படக்கென்று எடுத்தால் சோடா லைம் தூசி குழாய்க்குள் ஏறிவிடும்.

அந்த வால்வைத் திரும்பத் திறக்க மறப்பதுதான் மயக்க மேசையில் நடக்கும் மிகக் கொடிய தவறு. உள்ளே போகும் ஆக்சிஜனுக்கு வெளியேற வழியில்லை. பை விறைக்கும், மார்பு ஏறியபடியே நிற்கும், இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைபடும், நாடி மறையும். நுரையீரல் கிழிந்து காற்று மார்புக்கூட்டில் சேரலாம். எல்லாம் ஒரு சில நிமிடத்துக்குள். பயிற்சியில் சொல்லும் தீர்வு எளிமையானது. மூச்சு கொடுக்க வால்வைத் திருகி மூடவே கூடாது. விரலால் அழுத்தினால் மூடி, விட்டால் தானே திறக்கும் பொத்தான் வகை வால்வை வாங்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை.

பெயின் (Bain) என்ற மற்றொரு வகை சர்க்யூட்டுக்குத் தனிச் சோதனை உண்டு என்பது வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் புதிது. அதில் குழாய்க்குள் குழாய். உள்குழாய் வழியாகப் புது வாயு வருகிறது. உள்குழாய் இயந்திரப் பக்கம் கழன்றுவிட்டால் வெளியில் இருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. ஆனால் குழாயின் முழு நீளமும் புது வாயு எட்டாத வீண் வெளியாகி (dead space), விட்ட கரியமில வாயுவையே விலங்கு திரும்ப இழுக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் ஓடும்போது உள்குழாயின் வாயை 2 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டால் ஒரு கணம் அடைத்தால் ஓட்டமானியின் குண்டு கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் அந்தக் குழாயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஆக்சிஜன் கணக்கும் நன்றாகப் புரிய வைத்தார்கள். பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். 4 கிலோ பூனைக்குப் பெயினில் கிலோவுக்கு 250 மி.லி. என்றால் நிமிடத்துக்கு 1 லிட்டர், 25 மணி நேரம் ஓடும். சோடா லைம் செலவை மிச்சம் பிடிக்க நினைத்து 20 கிலோ நாய்க்கும் பெயினையே மாட்டினால் கிலோவுக்கு 200 மி.லி. வீதம் 4 லிட்டர், சிலிண்டர் 6 மணி நேரத்தில் காலி. ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவும் அதே வேகத்தில் காற்றில் போகும். அதே நாய்க்கு சர்க்கிளில் கிலோவுக்கு 30 மி.லி. வீதம் 600 மி.லி. போதும், 40 மணி நேரத்துக்கு மேல் வரும். சோடா லைம் நிறம் மாறிய பிறகு ஒரு இரவு சும்மா இருந்தால் மறுபடி வெள்ளையாகிவிடும், அதைப் புதிதென்று நம்பக் கூடாது. நிறத்தை அறுவை முடிந்தவுடனேயே பார்த்துக் குறித்து வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை இவர்கள் தொடவே இல்லை. வேலூரில் நடத்தும் வகுப்பில் அதை விட்டிருக்கக் கூடாது. மயக்கத் திரவத்தை ஆவியாக்கி அளந்து விடும் வேப்பரைசர்கள் பொதுவாக 15 முதல் 35 டிகிரி வரைதான் வெப்பநிலைக்கேற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ளும். ஐசோஃப்ளூரேன் 48.5 டிகிரியில் கொதித்துவிடும். சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில், மதிய மின்தடையில், அறையே 38 டிகிரிக்குப் போனால் குமிழ் 2 சதவீதத்தில் நின்றாலும் வெளிவருவது அதைவிடக் கூடுதலாக இருக்கும். வெட்டினாலும் பாதி விலங்குகள் அசையாதிருக்கத் தேவையான ஐசோஃப்ளூரேனின் குறைந்தபட்சச் செறிவு நாய்க்கு 1.3, பூனைக்கு 1.6 சதவீதம்தான். மிகையாகப் போகும் அரை சதவீதம் இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். எங்கள் ஊர் மருத்துவமனைகள் கோடையில் அறுவையைக் காலை 10 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது என்பதற்கு இது ஒரு காரணம். நாயின் கண் விழி நிலையையும் தாடையின் தளர்வையும் பார்த்துக் குமிழைத் திருப்ப வேண்டும், எண்ணை நம்பித் திருப்பக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

நாயை மயக்கத்துக்குக் கொண்டுபோகும் பாடம் சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது. முன்மருந்து கொடுத்த நாய்க்குப் புரோபோபால் கிலோவுக்கு 2 முதல் 4 மி.கி., கொடுக்காத நாய்க்கு 4 முதல் 6. கணக்கிட்ட அளவில் கால் பங்கு கால் பங்காக, ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து ஏற்ற வேண்டும். வேகமாகத் தள்ளினால் மூச்சு நிற்கும். திறந்த குப்பியை 6 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. அது கொழுப்புப் பால்மம், கிருமி வளர இடம். மருந்து மிச்சம் என்று ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் போடுகிற பழக்கத்தைப் பயிற்றுநர் பெயர் சொல்லாமல் கண்டித்தார், நியாயம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கத்துக்கு முன் 3 முதல் 5 நிமிடம் முகமூடி வழியாக ஆக்சிஜன், மூச்சுக்குழாய் டியூபை எடுப்பது கடைசிக் கணத்தில், நாய் தானே மென்று துப்பப் பார்க்கும்போது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லி வேட்டை நாய்களுக்குத் தயோபென்டோன் வேண்டாம் என்றதும் சரியே. அந்த மருந்து இரத்தத்தை விட்டுத் தசையிலும் கொழுப்பிலும் போய் ஒதுங்குவதால்தான் மற்ற நாய்கள் விரைவில் எழுகின்றன. கொழுப்பு மிகக் குறைந்த நாயில் அது இரத்தத்தில் கூடுதல் நேரம் சுற்றும். கிரேஹவுண்ட் நாய்களில் கல்லீரல் அதை மெதுவாகவே சிதைக்கிறது என்பதும் நிறுவப்பட்ட விஷயம்.

டியூப் போடும் பயிற்சிக்கு இரண்டே பொம்மைகள். 30 பேருக்கு இரண்டு என்றால் ஆளுக்கு மூன்று நிமிடம் கூடத் தேறாது. பூனையின் குரல்வளை இறுகிக்கொள்ளும், அதனால் மரக்கச் செய்யும் மருந்தான லிக்னோகெயினின் 2 சதவீதக் கரைசலில் ஒரு துளி விட்டு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். அதைச் செய்து பார்க்க நேரமில்லை.

கண்காணிப்புப் பாடத்தில், விட்ட மூச்சின் கரியமில வாயுவை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃபுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றையே நம்பிப் பழகியவர்களுக்கு இது கண் திறப்பு. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நாய் மூச்சு விடுவதையே நிறுத்தினாலும் ஆக்சிமீட்டர் சில நிமிடம் 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கேப்னோகிராஃப் அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடும். அலையே வரவில்லை என்றால் டியூப் உணவுக்குழாயில் இருக்கிறது, அல்லது இணைப்பு கழன்றிருக்கிறது, அல்லது இதயம் நின்றிருக்கிறது. அலையின் அடிக்கோடு பூச்சியத்தைத் தொடவில்லை என்றால் விட்ட மூச்சை மீண்டும் இழுக்கிறது: பெயினில் ஓட்டம் போதவில்லை, சர்க்கிளில் சோடா லைம் தீர்ந்துவிட்டது அல்லது வால்வுத் தட்டு ஒட்டிக்கொண்டுவிட்டது. அலை சுறா முதுகுபோல் சாய்ந்து ஏறினால் டியூப் மடங்கியிருக்கலாம், சளி அடைத்திருக்கலாம். 35 முதல் 45 மி.மீ. பாதரசம் சரியான எல்லை. சராசரி இரத்த அழுத்தம் 60க்குக் கீழே போகவிடக் கூடாது. முதல் வேலை வேப்பரைசரைக் குறைப்பது, பிறகுதான் திரவம். திரவமும் நாய்க்கு மணிக்கு கிலோவுக்கு 5 மி.லி., பூனைக்கு 3 மி.லி.யில் தொடங்கினால் போதும் என்று சொல்லிப் பழைய 10 மி.லி. பழக்கத்தை விடச் சொன்னது வரவேற்கத்தக்கது.

பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வைப் பயிற்றுநர் எடுத்துக் காட்டினார். மயக்கத்தால் இறந்த நாய்களில் ஏறக்குறைய பாதி, பூனைகளில் 60 சதவீதத்துக்கு மேல், அறுவை முடிந்த பிறகே இறந்தன, அதிலும் முதல் 3 மணி நேரத்தில் அதிகம். இந்த ஒரு தகவல் வேலை முறையையே மாற்றவேண்டும். தையல் போட்டவுடன் நாயைக் கூண்டில் விட்டுவிட்டு அடுத்த நாய்க்குப் போவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. அந்த 3 மணி நேரமும் கால் மணிக்கொரு முறை ஈறு நிறம், மூச்சு, உடல் வெப்பம் பார்த்து எழுத ஒரு உதவியாளரை உட்கார வைக்க வேண்டும். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஏ.சி. அறையில் வயிறு திறந்த 3 கிலோ பூனைக்குட்டியின் உடல் சில்லிட்டுவிடும். குளிர்ந்த உடல் மருந்தைச் சிதைக்காது, எழாது.

இனி முதல் நாள் பிற்பகல். நரம்பு மரக்கச் செய்யும் ஊசிப் பயிற்சி. மொத்தப் பயிற்சியில் மிகச் சிறந்த மூன்று மணி நேரம் இது. இறைச்சிக்கடையில் வாங்கிய ஆட்டுத் தலைகளை இருவருக்கு ஒன்றாகக் கொடுத்து, மெத்திலீன் நீலம் கரைத்த உப்புநீரை ஊசியில் ஏற்றி, பிறகு தோலை உரித்து நரம்பில் நீலம் பட்டதா என்று பார்க்க வைக்கிறார்கள். கொம்பு நரம்பு மாட்டுக்கு ஒன்று: கண்ணின் வெளிமுனைக்கும் கொம்பின் அடிக்கும் நடுவே, நெற்றி எலும்பின் ஓர விளிம்புக்குக் கீழே, 5 முதல் 10 மி.லி. ஆட்டுக்கு ஒரு கொம்புக்கு இரண்டு நரம்பு: ஒன்று கண்குழியின் பின்புற எலும்பு நீட்சிக்குப் பின்னால், மற்றொன்று கண்குழியின் உள்மேல் ஓரத்தில். ஆட்டின் கொம்பு முறிந்து வரும்போது மாட்டுக்குப் போடுவதுபோல் ஒரே இடத்தில் குத்திவிட்டு "மரக்கவில்லை" என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர் என்று அன்று நீலச் சாயம் காட்டிவிட்டது. சாயம் எலும்பின் மேல் பரவியிருக்கும், நரம்பு வெள்ளையாகவே இருக்கும். ஊசி மிக ஆழமாகப் போனதும் ஒரு காரணம்.

இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டு, கையேட்டில் ஆட்டுக்கான அளவை மி.லி. கணக்கில் மட்டும் அச்சிட்டிருப்பது ஆபத்தான பிழை. லிக்னோகெயினுக்கு ஆடு எளிதில் நஞ்சேறும். மொத்த அளவு கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 2 சதக் கரைசலில் மி.லி.க்கு 20 மி.கி. சினை ஆடு 25 கிலோ என்றால் மொத்தம் 125 மி.கி., அதாவது 6 மி.லி.யும் கொஞ்சமும்தான். வயிற்றைத் திறந்து குட்டி எடுக்க வெட்டும் கோடு முழுக்கப் போட அது போதாது. அதனால்தான் பாதிக்குப் பாதி உப்புநீர் கலந்து 1 சதமாக்க வேண்டும். அதே மருந்து, 12 மி.லி. கிடைக்கும். மரக்கவில்லை என்று இன்னொரு 10 மி.லி. 2 சதக் கரைசலைச் சேர்த்துப் போட்டால் கண் படபடக்கும், தசை துடிக்கும், தலை பின்னால் வளையும், வலிப்பு வரும். வலிப்பை அடக்கும் டயசிபாம் கையில் இல்லாவிட்டால் அத்தோடு போயிற்று. பூனைக்கு எல்லை இன்னும் குறைவு: கிலோவுக்கு 3 மி.கி., 3 கிலோ பூனைக்கு அரை மி.லி. கூட இல்லை. அதே வகை மருந்தான புபிவகெயின் நாய்க்குக் கிலோவுக்கு 2 மி.கி., பூனைக்கு 1 மி.கி., இரத்தக் குழாய்க்குள் ஒரு துளியும் போகக் கூடாது. குத்தியதும் பின்னிழுத்துப் பார்ப்பது கட்டாயம். பெண் நாயின் கருத்தடை அறுவையில் சூலகத் தூக்கு நார் இழுபடும்போதுதான் வலி உச்சம். அந்த இடத்தில் புபிவகெயினைத் தெளித்து ஒரு நிமிடம் காத்திருக்கும் முறையைக் காணொளியில் காட்டினார்கள். நாய் கருத்தடை முகாம் நடத்துபவர் அனைவரும் திங்கட்கிழமையே தொடங்கலாம், தனிக் கருவி எதுவும் வேண்டாம்.

இரண்டாம் நாள் மாட்டுக்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம். பொய்கைச் சந்தையில் கைமாறும் ஜெர்சி கலப்புக் கறவைகளும், தை, மாசியில் எருது விடும் விழாவில் ஓடும் காளைகளும் நிறைந்த மாவட்டத்தில் இது ஏற்கத்தக்கதே இல்லை. படக்காட்சியில் வால் அடி ஊசியும் பக்கவாட்டு நரம்பு ஊசியும் ஒரு ஒரு பக்கம். செய்து காட்டவில்லை.

நாற்பது நிமிடத்தில் எதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதை எழுதிவிடுகிறோம், திரும்ப நடத்தும்போது உதவும். முதலில் சைலசின். மாட்டுக்குத் தேவை குதிரை அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 400 கிலோ பசுவுக்கு நின்றபடி அமைதிப்படுத்தத் தசையில் கிலோவுக்கு 0.05 மி.கி. என்றால் 20 மி.கி. மி.லி.க்கு 20 மி.கி. உள்ள குப்பியில் அது 1 மி.லி. மி.லி.க்கு 100 மி.கி. உள்ள குப்பியும் சந்தையில் இருக்கிறது. அதில் பழக்க தோஷத்தில் 1 மி.லி. இழுத்தால் ஐந்து மடங்கு. பசு படுத்துவிடும், வயிறு உப்பும், வாயில் வந்தது மூச்சுக்குழாய்க்குள் போகும். 25 கிலோ ஆட்டுக்கு அதே கணக்கில் 1.25 மி.கி., மி.லி.யில் 0.06. அதைச் சரியாக இழுக்க எந்தக் கையாலும் முடியாது. அரை மி.லி. மருந்தோடு நாலரை மி.லி. உப்புநீர் சேர்த்தால் மி.லி.க்கு 2 மி.கி., அதில் 0.6 மி.லி. என்று அளக்கலாம். செம்மறிக்கு நுரையீரலில் நீர் கோத்துவிடும் ஆபத்து உண்டு, முடிந்தவரை தவிர்க்க வேண்டும். சினை கடைசி மூன்று மாதத்தில் வேண்டவே வேண்டாம். கருப்பையை இறுக்கும், கருச்சிதைவு பயமும் உண்டு, வயிற்றைத் திறந்து கன்று எடுக்கும்போது கருப்பையை வெளியே கொண்டுவர விடாது. உச்சி வெயிலில் சைலசின் போட்ட மாட்டை நிழலில்லாமல் விட்டால் உடல் வெப்பம் ஏறிவிடும். ஓடி வெறித்த காளைக்கு ஊசி போட்டுவிட்டு உடனே கயிற்றை இழுத்தால் மருந்து வேலை செய்யாது. ஆள் கூட்டத்தை விலக்கி, கண்ணைத் துணியால் மூடி, 10 முதல் 15 நிமிடம் யாரும் தொடாமல் விட வேண்டும். அதற்குள் பொறுமை இழந்து இரண்டாவது ஊசி போடுவதால்தான் காளைகள் திடீரெனச் சரிகின்றன.

வால் அடி ஊசி: வாலைப் பம்புக் கைப்பிடிபோல் மேலும் கீழும் அசைத்தால் முதலாவது அசையும் மூட்டு விரலுக்குத் தெரியும். முடியை மழித்து, சோப்பும் ஸ்பிரிட்டும் போட்டு, 18 கேஜ் ஒன்றரை அங்குல ஊசியை நடுக்கோட்டில் இறக்கி, ஊசிக் கழுத்தில் ஒரு சொட்டு மருந்தை விட்டால் சரியான இடத்தில் அது உள்ளே உறிஞ்சப்படும். 400 கிலோ மாட்டுக்கு 2 சத லிக்னோகெயின் 4 முதல் 6 மி.லி. வால் தொங்கிவிட்டால் பிடித்துவிட்டது. 10 மி.லி. போட்டால் பின்னங்கால் தளர்ந்து மாடு உட்கார்ந்துவிடும். கருப்பை வெளித்தள்ளிய பசு வழுக்கும் தரையில் அப்படி உட்கார்ந்தால் தொடை விரிந்து எழவே எழாமல் போகலாம். பக்கவாட்டு நரம்பு ஊசி: இடது விலாவைத் திறக்க, இடுப்பு முள்ளெலும்புகளில் 1, 2, 4 ஆகியவற்றின் பக்க நீட்சி முனையில் நீட்சிக்குக் கீழே 10 முதல் 15 மி.லி., மேலே 5 மி.லி. மூன்று இடத்துக்கும் சேர்த்து 30 மி.லி. குப்பி இரண்டு ஆகும். சரியாக விழுந்தால் அந்தப் பக்கத் தோல் சூடாகும், முதுகு அந்தப் பக்கம் புடைத்து வளையும். இதைப் பார்க்காமல் கத்தியை வைக்கக் கூடாது.

வலி நிவாரணம் பயிற்சியின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் கிடைத்தது கடைசி ஒன்றரை மணி நேரம், அதிலும் எல்லாரும் பஸ்ஸுக்குக் கிளம்பும் அவசரத்தில். நாய்க்கான கிளாஸ்கோ சுருக்க அளவுகோலையும் பூனை முகத்தின் அளவுகோலையும் விளக்கியது நல்லது. நாய்க்கு 24 மதிப்பெண்ணுக்கு 6, நடக்க முடியாத நாயென்றால் 20க்கு 5, அதை எட்டினாலே மருந்து தர வேண்டும். பூனைக்குக் காது, கண் இடுக்கல், முகவாய், மீசை, தலை நிலை என்று ஐந்தைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2. மொத்தம் 10க்கு 4 வந்தாலே மருந்து. "சாப்பிடுகிறது, வலியில்லை" என்று சொல்லும் நம் பழக்கத்தை இது உடைக்கிறது.

இங்கேதான் கையேட்டின் இரண்டாவது பிழை, முதலாவதைவிடப் பெரியது. கால்நடை வலி மருந்துகளின் பட்டியலில் கீட்டோபுரோஃபென் இருந்தது. டைக்ளோஃபெனாக் 2006இல் கால்நடைக்குத் தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023 ஜூலையில், நிமிசுலைடு 2024 டிசம்பரில். காரணம் பிணந்தின்னிக் கழுகு. மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்பெல்லாம் யூரிக் அமிலம் படிந்து இறக்கும். தமிழகத்தில் இந்தக் கழுகுகள் மாயாறு பள்ளத்தாக்கை அண்டி மிஞ்சியிருக்கின்றன. இங்கிருந்து விற்கப்படும் மாடு எங்கே போய்ச் சாகும் என்று யாருக்குத் தெரியும். மெலாக்சிகாமும் டோல்ஃபெனமிக் அமிலமும் கழுகுக்குத் தீங்கில்லாதவை என்று ஆய்வில் தெளிவானவை. தடைசெய்த மருந்தைப் பயிற்சிக் கையேட்டில் அச்சிடுவதை மன்னிக்க முடியாது. வகுப்பில் ஒருவர் கேட்டபோது பயிற்றுநர் உடனே ஒப்புக்கொண்டு அடிக்கச் சொன்னார். அடுத்த அச்சில் திருத்தம் வருமா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மெலாக்சிகாமின் அளவும் பேசப்படாமல் போயிற்று. மாட்டுக்குக் கிலோவுக்கு 0.5 மி.கி. 400 கிலோவுக்கு 200 மி.கி. மி.லி.க்கு 5 மி.கி. குப்பியில் அது 40 மி.லி. ஊர்ப்புறத்தில் 15 மி.லி. போட்டுவிட்டு "வலி ஊசி போட்டாச்சு" என்கிறோம். பாதிக்கும் குறைவு அது. மி.லி.க்கு 20 மி.கி. உள்ளது கிடைத்தால் 10 மி.லி. போதும், இல்லாவிட்டால் இரண்டு மூன்று இடமாகப் பிரித்துப் போட வேண்டும். ஐரோப்பிய லேபிளில் பாலுக்கு 5 நாள், இறைச்சிக்கு 15 நாள் விலக்கு. பால் சொசைட்டிக்கு ஊற்றும் வீட்டில் இதைச் சொல்லாமல் வரக் கூடாது. நாய்க்கு முதல் நாள் 0.2 மி.கி., பிறகு 0.1. நீர் வற்றிய நாய்க்கோ இரத்த அழுத்தம் சரிந்த நாய்க்கோ மயக்கத்துக்கு முன் கொடுத்தால் சிறுநீரகம் அடிபடும். பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்தால் சாகும். வீட்டில் யாராவது முன்பே கொடுத்தார்களா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நாய்க்கு மாத்திரையாகக் கொடுக்கும் ட்ரமடாலை மட்டும் நம்பி எலும்பு அறுவை முடித்து வீட்டுக்கு அனுப்புவது போதாது என்று பயிற்றுநர் சொன்னதோடு நாங்களும் உடன்படுகிறோம்.

சட்டப் பகுதி இருபது நிமிடம், தெளிவாக இருந்தது. கீட்டமின் 2013 முதல் கடும் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கான எக்ஸ் அட்டவணையில். பூட்டிய பெட்டி, தனிப் பதிவேடு, ஒவ்வொரு மி.லி.க்கும் எந்த விலங்குக்கு என்ற குறிப்பு. உயிர்ப்பித்தல் பயிற்சியும் குறுகியதே, ஆனால் பொம்மையில் செய்ய வைத்தார்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பின் அகலத்தில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை, 2 நிமிடத்துக்கு ஆள் மாற்றம், மூச்சு நிமிடத்துக்கு 10, அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மி.கி. 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. 1 மி.லி. ஆம்பூலில் 1 மி.கி. என்பதால் 10 கிலோ நாய்க்கு 0.1 மி.லி. இந்தக் கணக்கை அந்த நேரத்தில் போட முடியாது. 5, 10, 20, 30 கிலோவுக்கு எழுதி மேசைக்கு மேல் சுவரில் ஒட்ட ஓர் அட்டை தருகிறார்கள். கட்டணத்தில் பாதி அந்த அட்டைக்கே தகும்.

சாப்பாடு நன்று. அரங்கு கொஞ்சம் புழுக்கம். சான்றிதழ் தருகிறார்கள். அது கலந்துகொண்டதற்கான தாள்தான், மயக்கவியல் நிபுணர் என்று பெயர்ப்பலகையில் எழுத உதவாது.

போகிறவர்கள் உங்கள் மருத்துவமனையில் உள்ள சைலசின், லிக்னோகெயின், மெலாக்சிகாம் குப்பிகளின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கையேட்டில் உள்ள ஒவ்வொரு அளவையும் உங்கள் குப்பியின் செறிவுக்கு மாற்றி அங்கேயே பென்சிலால் குறித்து, பயிற்றுநரிடம் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். மாட்டுப் பகுதியை ஒரு முழு அரை நாளாக்கக் கோரி பின்னூட்டத் தாளில் எழுதுங்கள். மூன்று பேர் எழுதியதால்தான் இந்த முறை ஆட்டுத் தலைப் பயிற்சி சேர்ந்தது என்று அமைப்பாளரே சொன்னார்.